கன்றின் வயிற்றில் குடியேறும் உயிர்கள்

எங்கள் தொழுவத்தில் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறேன். பிறந்த நேரம், எடை, முதல் சீம்பால் குடித்த நேரம், குடித்த அளவு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதில் அதிக இடம் பிடித்திருப்பவை சாணத்தைப் பற்றிய குறிப்புகள்தான். முதல் நாளில் கருமையும் பசுமையும் கலந்து பிசின்போல் ஒட்டும் மலம். சீம்பால் உள்ளே போன பிறகு மஞ்சள் நிறத்தில் களிம்புபோல் வருவது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் தீவனத் துணுக்குகள் தெரியத் தொடங்கும் பழுப்புச் சாணம். எட்டாம், பத்தாம் வாரங்களில் பெரிய மாட்டின் சாணத்தை ஒத்த மணத்தோடும் நார்த்தன்மையோடும் விழுவது. இந்த நான்கு நிலைகளையும் அவற்றுக்கு இடையே ஏற்படும் பிறழ்வுகளையும் அடையாளம் காணக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் இரண்டு கன்றுகளை இழந்திருந்தேன்.

முதல் இழப்பு நான் தொழிலுக்குப் புதியவனாக இருந்தபோது நேர்ந்தது. நான்காம் நாள் காலையில் ஒரு கிடாரிக் கன்றுக்குச் சாணம் தண்ணீராகப் போகத் தொடங்கியது. பெரிய மாட்டுக்கு வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்து, கன்றின் எடைக்கு ஏற்றதென்று நானே கணக்கிட்ட அளவில் கொடுத்தேன். பால் குடித்தால் கழிச்சல் கூடும் என்று சொல்லக் கேட்டிருந்ததை நம்பிப் பாலையும் நிறுத்தினேன். ஆறாம் நாள் சற்றுத் தெளிந்ததுபோல் தெரிந்தது. ஏழாம் நாள் மீண்டும் கழிச்சல், மீண்டும் மாத்திரை. எட்டாம் நாள் இரவில் அதன் கண்கள் குழிக்குள் இறங்கியிருந்தன. வாய்க்குள் விரலை வைத்தபோது சப்ப முயலவில்லை. வாயின் உட்புறம் குளிர்ந்து கிடந்தது. மறுநாள் விடியற்காலையில் கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நான் செய்தவற்றை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு, "இந்த ஒன்பது நாட்களில் இதன் குடலுக்குள் யார் யார் வந்து சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பொருளே விளங்கவில்லை. குடலில் கிருமி இருந்தால் அது நோய், கிருமி இல்லாவிட்டால் அது நலம் என்ற அளவில்தான் என் அறிவு நின்றிருந்தது. அதன் பிறகு அவரிடம் கேட்டும், கையில் கிடைத்தவற்றைப் படித்தும், என் கன்றுகளையே நாள்தோறும் கவனித்தும் தெரிந்துகொண்டவற்றை, கன்று வளர்க்கும் பிறருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

பிறக்கும் வழியில் தாயின் உடலிலிருந்தும், பிறந்தவுடன் தாய் நக்கும் நாவிலிருந்தும், காம்பின் தோலிலிருந்தும், படுத்திருக்கும் வைக்கோலிலிருந்தும், காற்றிலிருந்தும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்துக்குள் கன்றின் வாய்க்கும் குடலுக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. முதலில் வேரூன்றுபவை ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழக்கூடிய ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள். அவை குடலுக்குள் இருக்கும் சிறிதளவு ஆக்சிஜனையும் பயன்படுத்தித் தீர்த்துவிடுவதால், ஆக்சிஜன் பட்டால் வாழ இயலாத பிற பாக்டீரியாக்களுக்கு இடம் உருவாகிறது. அடுத்த சில நாட்களில் லாக்டோபேசிலஸ், பைஃபிடோபாக்டீரியம், பாக்டீராய்டஸ் முதலியவை பெருகுகின்றன. பால் மட்டுமே உணவாக இருக்கும் காலம் வரையில், பாலின் சர்க்கரையை உண்டு வாழ்பவற்றுக்கே குடலில் செல்வாக்கு அதிகம். ஈ.கோலை என்ற பெயரைக் கேட்டாலே நோய் என்று அஞ்சிய எனக்கு, அதன் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை என்பதும், பின்னால் வருபவற்றுக்கு இடத்தை ஒழுங்குபடுத்தித் தருபவை என்பதும் புதிய செய்தியாக இருந்தன. சிறுகுடலின் சுவரில் ஒட்டிக்கொண்டு நச்சுப்பொருளைச் சுரக்கும் சில வகைகள் மட்டுமே முதல் நான்கைந்து நாட்களில் கொடிய கழிச்சலை உண்டாக்குகின்றன.

ஆகவே அந்தக் கன்றுக்கு நான் கொடுத்த மாத்திரை, நோய்க்கிருமி என்று ஒன்று இருந்திருந்தால் அதைத் தாக்கியதோ இல்லையோ, அப்போதுதான் வந்து குடியேறிக்கொண்டிருந்த நல்ல பாக்டீரியாக்களைத் தாக்கியிருக்கிறது. ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை அந்தக் குடியேற்றத்தைக் கலைத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய பிழை, உடலிலிருந்து போய்க்கொண்டிருந்த தண்ணீரையும் உப்புகளையும் திருப்பிக் கொடுக்காதது. கழிச்சலால் இறக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை நீரிழப்பாலும், இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவதாலும்தான் இறக்கின்றன. ஐந்து நாட்களுக்கு மேற்பட்ட கன்றுகளின் கழிச்சலுக்கு ரோட்டாவைரஸ், கொரோனாவைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஆகியவை அடிக்கடி காரணமாகின்றன. இவற்றுள் எதையும் நான் கொடுத்த மாத்திரையால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இன்று ஒரு கன்றுக்குச் சாணம் இளகினால் நான் செய்யும் முதல் வேலை, கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுவதுதான். இரண்டு நொடிகளுக்குள் தோல் பழைய நிலைக்குத் திரும்பினால் உடலில் நீர் இருக்கிறது. அதற்கு மேல் ஆனால், அல்லது கண் உள்வாங்கியிருந்தால், நீரிழப்பு தொடங்கிவிட்டது. சோடியமும் குளுக்கோஸும் அமிலத்தன்மையைக் குறைக்கும் உப்புகளும் அடங்கிய கன்றுக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலை, பாலோடு கலக்காமல், பால் கொடுத்து இரண்டு மணி நேரமாவது கழிந்த பிறகு வெதுவெதுப்பாகக் கொடுக்கிறேன். பாலை நிறுத்துவதில்லை, குடிக்கும் விருப்பம் இருக்கும் வரை வழக்கமான பாலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் பாலை நிறுத்தினால் கன்றும் பட்டினி கிடக்கிறது, குடல் சுவர் தன்னைச் சரிசெய்துகொள்வதும் தடைப்படுகிறது. சப்பும் ஆற்றல் போய்விட்டாலோ, எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ உடனே மருத்துவரை அழைத்துவிடுகிறேன்; இரத்தநாளம் வழியே நீர் ஏற்றுவதா, ஆன்டிபயாடிக் கொடுப்பதா என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது.

குடியேற்றத்தின் தொடக்கம் சரியாக அமைவதற்குச் சீம்பாலைவிட முக்கியமானது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவுக்குச் செல்வதில்லை. கன்று அவை இல்லாமலேயே பிறக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்கு மட்டும் அதன் குடல் சுவர் அந்தப் பெரிய புரதங்களை அப்படியே இரத்தத்துக்குள் விடுகிறது. மணிக்கு மணி அந்த ஆற்றல் குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 35 கிலோ கன்றுக்கு மூன்றரை லிட்டர் சீம்பால், கூடுமானால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும் என்ற கணக்கை அதன் பிறகு ஒருநாளும் நான் தளர்த்தியதில்லை. சீம்பாலின் தரத்தை, அதில் கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவைக் காட்டும் பிரிக்ஸ் மானியில் ஒரு துளி வைத்துப் பார்க்கிறேன்; 22 விழுக்காடு அல்லது அதற்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால்.

எதிர்ப்புப் புரதங்களைப் பற்றிப் பலரும் அறிவார்கள். சீம்பாலில் கன்றால் செரிக்க முடியாத சில சர்க்கரைகளும் இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் குறைவு. கன்றுக்கு உணவாகாத அந்தச் சர்க்கரைகள் பைஃபிடோபாக்டீரியம் போன்ற நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. தாய் தன் கன்றுக்கு மட்டுமன்றி, கன்றுக்குள் வரப்போகும் உயிர்களுக்கும் சேர்த்தே பாலைச் சுரக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட நாளில், கறந்த சீம்பாலைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது. முதல் நாளோடு சீம்பாலை நிறுத்திவிட்டுக் கலப்புப் பாலுக்கு மாற்றும் வழக்கத்தைக் கைவிட்டு, சீம்பாலுக்கும் வழக்கமான பாலுக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்தத் தாய் கறக்கும் இடைநிலைப் பாலையே மூன்று நான்கு நாட்கள் கொடுக்கத் தொடங்கினேன். அதிலும் அந்தப் பொருள்கள் குறைந்த அளவில் இருக்கின்றன.

ஆனால் அழுக்கான சீம்பால் இந்த நன்மையைக் கெடுத்துவிடும். கறந்த பாத்திரத்தில் சாணத்துளி ஒட்டியிருந்தாலோ, கறந்த சீம்பாலை வெதுவெதுப்பாகவே இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருந்தாலோ, அதில் பாக்டீரியாக்கள் பல மடங்காகப் பெருகிவிடுகின்றன. அவை எதிர்ப்புப் புரதங்கள் உட்செல்வதைத் தடுக்கின்றன. அதோடு, முதலில் குடலைச் சென்றடைவது யார் என்பதையும் அவையே தீர்மானித்துவிடுகின்றன. காம்பைக் கழுவித் துடைத்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்த பாத்திரத்தில் கறந்து, உடனே கொடுத்துவிடுவது சிறந்த வழி. மிஞ்சியதை உடனடியாகக் குளிர்விக்க வேண்டும். பெரிய பண்ணைகளில் சீம்பாலை 60 டிகிரி செல்சியஸில் 60 நிமிடங்கள் வைத்துப் பாக்டீரியாவைக் குறைக்கிறார்கள். அந்த வெப்பநிலையில் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் தப்பிவிடும், ஆனால் சற்றே கூடினால் சீம்பால் தயிர்போல் கெட்டியாகிப் பயனற்றுப் போகும். வெப்பத்தைத் துல்லியமாகக் காக்கும் கருவி இல்லாதவர்கள் இதை முயலாமல் தூய்மையில் கவனம் செலுத்துவதே நல்லது.

அடுத்துச் சொல்ல வேண்டியது, இறக்காவிட்டாலும் என்னை இரண்டு மாதங்கள் குழப்பிய ஒரு காளைக் கன்றைப் பற்றி. அதற்கு நல்ல பசி. வாளியில் பாலை ஊற்றித் தரையில் வைத்தால் மூச்சு விடாமல் உறிஞ்சிவிடும். ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து அதன் சாணம் சாம்பல் நிறத்தில், ஈரக் களிமண்ணைப் பிசைந்ததுபோல் ஒட்டிக்கொண்டு வந்தது; குடித்த பிறகு இடப்பக்க வயிறு உப்பியது; பின்தொடைகளில் முடி கொட்டியது; எடை ஏறவில்லை. குடற்புழு என்று நினைத்து அதற்கான மருந்து கொடுத்தேன், பயனில்லை. மருத்துவர் வந்து, கன்று குடிக்கும்போது இடப்பக்க வயிற்றில் கேட்பொறியை வைத்துக் கேட்டார்; என் காதிலும் வைத்தார். ஒவ்வொரு விழுங்கலோடும் குடத்துக்குள் தண்ணீர் விழுவதுபோல் ஓர் ஓசை கேட்டது. பால் போகக் கூடாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

மாட்டின் வயிற்றுக்கு நான்கு அறைகள்: பெருவயிறு, வலைவயிறு, ஏட்டுவயிறு, நம் இரைப்பையைப்போல் அமிலம் சுரக்கும் உண்மை வயிறு. பிறந்த கன்றில் உண்மை வயிறுதான் மிகப் பெரியது. மொத்தத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு. வளர்ந்த மாட்டில் பெருவயிறு 80 விழுக்காட்டை எட்டிவிடும். கன்று பால் சப்பும்போது, உணவுக்குழாயின் முடிவில் இருக்கும் இரண்டு தசை மடிப்புகள் உதடுகள்போல் மூடிக்கொண்டு ஒரு குழாயாகி, பாலைப் பெருவயிற்றில் விழவிடாமல் நேராக உண்மை வயிற்றுக்கு அனுப்புகின்றன. அவசரமாகக் குடிப்பது, குளிர்ந்த பால், முறையற்ற நேரம், தலையைத் தாழ்த்திக் குடிக்கும் நிலை, நோயால் வந்த சோர்வு ஆகியவற்றால் அந்த மடிப்பு சரியாக மூடாமல் போகலாம். அப்போது பெருவயிற்றில் தேங்கும் பாலை லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துவிடுகின்றன. அமிலம் மிகுந்த அந்தச் சூழலில், பிற்காலத்தில் நாரைச் செரிக்க வேண்டிய நுண்ணுயிர்கள் நிலைபெற முடிவதில்லை, பெருவயிற்றின் சுவரும் புண்ணாகிறது. என் கன்றின் களிமண் சாணத்துக்கு அதுதான் காரணம்.

சரிசெய்வதற்கு மருந்து தேவைப்படவில்லை. காம்பு பொருத்திய வாளியைக் கன்றின் தோள் உயரத்தில் மாட்டி, கழுத்தை நீட்டிச் சப்பிக் குடிக்கும்படி செய்தேன். பாலின் சூடு 38, 39 டிகிரியில் இருக்கும்படி வெப்பமானியால் அளந்தேன். குடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் விரலைச் சப்பவிட்டேன். காம்பின் துளை பெரிதாகாமல் பார்த்துக்கொண்டேன். பழைய காம்பில் துளை அகன்று பால் தானாகவே வழிந்தால், சப்புவதற்கு வேலையில்லாமல் போய்விடுகிறது. இரண்டு வாரத்தில் சாணத்தின் நிறம் மாறியது. உடல் தேற மேலும் ஒரு மாதம் ஆயிற்று. கன்று தானாகக் குடிக்கும்போது குழாய் மூலம் பாலைச் செலுத்துவதையும் அன்றோடு விட்டுவிட்டேன், ஏனென்றால் குழாய் வழியே செல்லும் பால் பெருவயிற்றில்தான் விழும். சீம்பால் குடிக்க மறுக்கும் கன்றுக்கு முதல் நாளில் உயிர்காக்கச் செய்வது வேறு. அது பெருவயிற்றிலிருந்து சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது கன்றின் இழப்பு நோயால் நேர்ந்ததன்று. ஆறு வாரக் கன்று ஒன்று இரவில் கழுத்துக் கயிறு தடுப்புக் கம்பியில் சுற்றிக்கொண்டு இறந்துபோயிற்று. தாராளமாகப் பால் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்திருந்த கன்று அது. அதற்கு வேறு தீவனம் எதையும் நான் பழக்கவில்லை. மருத்துவர் அதன் வயிற்றைத் திறந்தபோது என்னையும் அருகில் அழைத்துப் பெருவயிற்றின் உட்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெளிறிய நிறம்; மெல்லிய ஈரத்துணிபோல் வழுவழுப்பாக இருந்தது; விரலில் எந்த மேடும் தட்டுப்படவில்லை. சில மாதங்கள் கழித்து, வேறொருவரின் தொழுவத்தில் ஏறத்தாழ அதே வயதில் இறந்த, பிறந்த முதல் வாரத்திலிருந்தே கன்றுத் தீவனம் தின்ற ஒரு கன்றின் பெருவயிற்றைப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. அதன் உட்சுவர் தடித்துக் கரும்பழுப்பாக இருந்தது. சில மில்லிமீட்டர் உயரமுள்ள சிறுசிறு நாக்குகள் நெருக்கமாக முளைத்து, தடித்த துவாலையைத் தடவுவதுபோல் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே வயதுக் கன்றுகளின் ஒரே உறுப்பு என்பதை நம்புவதற்குக் கடினமாக இருந்தது.

அந்த வேறுபாட்டை உண்டாக்கியவை நுண்ணுயிர்கள். நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் பிறந்த சில நாட்களிலேயே பெருவயிற்றில் சிறிய எண்ணிக்கையில் காணப்படுகின்றன. அதாவது, கன்று ஒரு புல்லைக்கூடக் கடிக்கும் முன்பே வேலையாட்கள் வந்து காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பது தீவனம். கன்று கடிக்கும் ஒரு பிடி தானியத் தீவனம், பாலைப்போல் மடிப்புக் குழாயில் போகாமல் பெருவயிற்றில் விழுகிறது. நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றுள் பியூட்டிரிக் அமிலமும் புரோப்பியோனிக் அமிலமும், குறிப்பாக முன்னது, பெருவயிற்றின் சுவரைத் தூண்டி அந்த நாக்குகளை வளரச் செய்கின்றன. நாக்குகள் வளர வளர, அமிலங்களை உறிஞ்சும் பரப்பு கூடுகிறது. வளர்ந்த மாடு தனக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை இந்த அமிலங்களிலிருந்தே பெறுகிறது. புரதத்திலும் பெரும்பகுதி, பெருவயிற்றிலிருந்து கீழே இறங்கும் நுண்ணுயிர்களையே செரித்துக் கிடைப்பதுதான்.

ஆகவே நான்காம் நாளிலிருந்தே ஒரு கைப்பிடி கன்றுத் தீவனத்தைக் கண்ணெதிரில் வைக்கிறேன். 18 முதல் 20 விழுக்காடு புரதம் உள்ள, மாவாக இல்லாமல் குருணையாக இருக்கும் தீவனமே நல்லது. முதல் இரண்டு வாரத்தில் கன்று அதை மோந்து பார்த்து நக்குமே தவிரத் தின்னாது. அதனால் மனம் தளரக் கூடாது. மிச்சத்தை நாள்தோறும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். எச்சில் பட்டுப் புளித்த தீவனத்தைக் கன்று தொடாது. பால் குடித்து முடித்த உடனே, சப்பும் ஆசை அடங்காமல் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில், வாயில் சிறிது தீவனத்தை வைத்தால் விரைவாகப் பழகிக்கொள்கிறது. இரண்டு கன்றுகளைக் கட்டிப்போடாமல் ஒன்றாக விட்டு வளர்த்தபோது, ஒன்றைப் பார்த்து மற்றொன்று தின்னத் தொடங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பால்தான் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று நானே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பால் பெருவயிற்றுக்குப் போவதில்லை. தானாகக் குடிக்கும் தண்ணீர் பெருவயிற்றுக்குப் போகிறது. நுண்ணுயிர்கள் நீரில்தான் வாழ்ந்து பெருக முடியும். தண்ணீர் இல்லாமல் தீவனத்தை மட்டும் வைப்பது, மாவை வைத்துவிட்டு நீர் ஊற்றாமல் புளிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும். நான்காம் நாளிலிருந்து தூய தண்ணீரைத் தனி வாளியில், தீவனத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளி, நாள் முழுவதும் கிடைக்கும்படி வைத்த பிறகு, தீவனம் தின்னும் அளவு தெளிவாகக் கூடியது. எந்த மருந்தும் இதற்கு ஈடாக எனக்குப் பலன் தந்ததில்லை.

உலர்புல்லைப் பற்றிய கேள்வியில் நான் இரு பக்கமும் தவறியிருக்கிறேன். தொடக்கத்தில், அசைபோடும் விலங்குக்குப் புல்தானே உணவு என்று எண்ணி இரண்டாம் வாரத்திலேயே நிறைய முற்றிய புல்லை வைத்தேன். கன்றின் வயிறு பானைபோல் தொங்கியது, முதுகெலும்பு தெரிந்தது. அந்த வயதில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை போதாது; செரிக்காத நார் வயிற்றை அடைத்துக்கொண்டு தீவனத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. பிறகு புல்லை முற்றிலும் நிறுத்தித் தானியத் தீவனம் மட்டும் கொடுத்தேன். அப்போது சாணம் இளகிப் புளித்த மணம் வீசியது, கன்றுகள் மரத்தடுப்பைக் கடிக்கத் தொடங்கின. தானியம் மட்டும் தின்றால் பெருவயிற்றில் அமிலம் கூடும். உட்சுவரின் நாக்குகளும் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்போது இரண்டாம் வார முடிவிலிருந்து, விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கிய மென்மையான உலர்புல்லைத் தீவனத்தைவிட மிகக் குறைவான அளவில் வைக்கிறேன். அசைபோடுதலைத் தூண்டவும், உமிழ்நீர் ஊறி அமிலத்தைத் தணிக்கவும், பெருவயிற்றின் தசைகளுக்குப் பயிற்சி தரவும் அவ்வளவு போதும்.

பெருவயிற்றில் பாக்டீரியாக்களோடு பூஞ்சைகளும், புரோட்டோசோவா எனப்படும் ஒற்றைச்செல் உயிரிகளும் வாழ்கின்றன. குருபி, டெலாஃபோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1843ஆம் ஆண்டிலேயே இந்த ஒற்றைச்செல் உயிரிகளை நுண்ணோக்கியில் கண்டு விவரித்துவிட்டார்கள். ஆக்சிஜன் படாமல் பெருவயிற்றுப் பாக்டீரியாக்களை வளர்த்து ஆராயும் முறையை நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் ஹங்கேட் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கிய பிறகே பாக்டீரியாக்களைப் பற்றிய அறிவு விரிந்தது. புரோட்டோசோவா காற்றில் பறந்து வருவதில்லை. வளர்ந்த மாட்டின் உமிழ்நீர் வழியே, நேரடித் தொடர்பால்தான் கன்றை அடைகிறது. பிறந்தது முதல் முற்றிலும் தனித்து வளர்க்கப்பட்ட கன்றில் அது இல்லாமலேயே போய்விடும். அது இல்லாமலும் கன்று வாழும் என்றாலும், பெரிய மாடுகளோடு தொடர்பே இல்லாத வளர்ப்பு கன்றுக்கு வர வேண்டிய சிலவற்றைத் தடுத்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை.

அதற்காகக் கன்றைப் பெரிய மாடுகளுக்கு நடுவில் விட்டுவிடவும் முடியாது. ஜோன்ஸ் நோய் என்னும் தீராத குடல் நோய், பெரிய மாட்டின் சாணம் வழியாக இளங்கன்றுக்குத்தான் மிக எளிதில் தொற்றுகிறது. பல ஆண்டுகள் கழித்தே வெளியில் தெரிகிறது. மருத்துவரோடு பேசி நான் ஏற்றுக்கொண்ட வழி இது: பரிசோதனையில் நோயற்றதென்று தெரிந்த அமைதியான ஒரு பசுவை, கன்றுத் தடுப்புக்கு அடுத்த தடுப்பில், மூக்கும் நாவும் எட்டும்படியும் சாணமும் சிறுநீரும் இந்தப் பக்கம் வழியாதபடியும் தரையைச் சாய்த்து அமைத்த இடத்தில் கட்டுவது. அந்தப் பசு கம்பிகளுக்கு இடையே நாவை நீட்டிக் கன்றின் முகத்தை நக்கும்போது, பாசத்தோடு சேர்த்து வேறு பலவற்றையும் அது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இப்போது தெரியும்.

மூன்று மாதக் கன்று ஒன்று, நுரையீரல் நோய்க்காக நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்ட பிறகு, நோய் தீர்ந்தும் தின்ன மறுத்தது. அசைபோடவில்லை, இடப்பக்க வயிற்றில் ஓசையே இல்லை. மருத்துவர் நலமான பசு ஒன்றின் பெருவயிற்று நீரைக் குழாய் மூலம் எடுத்து, துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் கன்றுக்குச் செலுத்தினார். மறுநாளும் அவ்வாறே செய்தார். மூன்றாம் நாள் மாலையில் அது புல்லைக் கடித்தது. ஒரு பசுவின் வயிற்றிலிருந்த குடிகளை இன்னொன்றின் வயிற்றில் குடியேற்றுவது என்ற இந்தப் பழைய முறையை என் கண்ணால் பார்த்த பிறகு, ஆன்டிபயாடிக் போட்ட ஒவ்வொரு கன்றையும் நோய் தீர்ந்ததோடு விட்டுவிடாமல், அசைபோடத் தொடங்கும் வரையில் நோயாளியாகவே கருதிக் கவனிக்கிறேன். கடையில் விற்கும் நன்மை தரும் பாக்டீரியா மாவுகளையும் சில கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். நலமான கன்றுகளில் எனக்கு வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தண்ணீரும் தூய்மையும் சீம்பாலும் சரியாக இல்லாத இடத்தில் அவற்றால் ஈடுகட்ட முடியும் என்று நான் நம்பவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் நிறுத்தினேன். மடிநோய்க்கு மருந்து போட்ட பசுவின் பாலை விற்கக் கூடாது என்பதால், வீணாக்க மனமின்றிக் கன்றுகளுக்கு ஊற்றிவந்தேன். அந்தப் பாலில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு ஆன்டிபயாடிக், நோயைத் தீர்க்கப் போதாது. ஆனால் குடலில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் மட்டும் பெருகுவதற்கு அது போதுமானது. அந்தப் பால் கன்றுகளுக்கு ஊற்றத் தக்கதன்று.

பால் மறக்கடிக்கும் காலத்தில் வயதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒருமுறை 45 நாள் ஆனதும் நான்கு கன்றுகளுக்கு ஒரே நாளில் பாலை நிறுத்தினேன். இரண்டு வாரம் அவை கத்திக்கொண்டே இருந்தன, எடை குறைந்தது, இரண்டுக்குச் சளி பிடித்தது. பாலை நிறுத்தியதும் கன்றின் உணவு முழுவதும் பெருவயிற்று நுண்ணுயிர்களின் கையில் போய்விடுகிறது. அவை தீவனத்தை ஏற்று வேலை செய்யும் அளவுக்குப் பெருக, கன்று கணிசமாகத் தின்னத் தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். ஒரு கன்று தொடர்ந்து மூன்று நாட்கள், நாளொன்றுக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை தீவனம் தின்கிறதா என்று எடைபோட்டுப் பார்த்த பிறகே பாலை நிறுத்துகிறேன். அதற்கு முன்பே பத்து முதல் பதினான்கு நாட்களில் பாலைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடுகிறேன். நிறுத்திய பின்னரும் இரண்டு வாரத்துக்கு அதே தீவனம், அதே இடம், அதே துணை. கொம்பு சுடுதல், தடுப்பூசி, இடமாற்றம் எதையும் அந்த வாரங்களில் வைத்துக்கொள்வதில்லை.

இப்போது தொழுவத்தில் இருக்கும் இளைய கன்றுக்கு வயது 19 நாள். நேற்று மாலை அது வைக்கோலில் மடங்கிப் படுத்திருந்தபோது அருகில் மண்டியிட்டு, இடப்பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் காதை வைத்தேன். முதலில் மூச்சின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு மிக மெல்லியதாக, தொலைவில் இடி உருளுவதுபோல் ஓர் ஓசை எழுந்து அடங்கியது. சற்றுப் பொறுத்து மீண்டும் எழுந்தது. தலையைத் தூக்கியபோது கன்றின் கழுத்தின் அடிப்புறத்தில் ஒரு சிறு உருண்டை மேல்நோக்கி ஏறுவது தெரிந்தது. தாடை பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. கண்கள் பாதி மூடிக்கொண்டன. கையை மெதுவாக நீட்டிக் குறிப்பேட்டை எடுத்து, மாலை 5.40, முதல் அசை, என்று எழுதினேன்.